தனியாக ஒரு ரேஸ் வைத்தால் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே ஸ்பைனா பைஃபிடா, அதாவது முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறக்கும் குறை. இரண்டு கால்களிலும் உணர்வு இல்லை, சக்கர நாற்காலிதான். பாரிஸ் பாராலிம்பிக்கை போனில் பார்த்ததிலிருந்து "நானும் ரேஸ் ஓடணும்" என்று ஒரே பேச்சு. பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு விழாவில் அவளுக்குப் பலூன் பறக்கவிடும் வேலைதான். இந்த வருஷம் நான் போய்க் கேட்டேன். பி.டி. சார் நல்லவர், ஆனால் பயப்படுகிறார். "பாப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்கிறார். தலைமை ஆசிரியை யோசித்து, "எல்லாப் போட்டியும் முடிஞ்சதும் அவளுக்குத் தனியா ஒரு ரேஸ் வெச்சு மெடல் கொடுத்துடலாம்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளோ "தனியா ஓடறதுக்குப் பேர் ரேஸா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வராமல் வம்பு பண்ணாதே என்கிறார் என் கணவர். டாக்டர், இது அவளுடைய பிடிவாதமா? பள்ளியைப் பகைத்துக்கொள்ளாமல் நான் என்ன செய்யலாம்? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளோடு பல வருஷமாகப் பாயில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். மருந்து, ஆபரேஷன் பற்றி நான் சொல்வதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேஸ் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம்.

பிடிவாதம் இல்லை. உங்கள் வீட்டில் இந்த விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது அவள் ஒருத்திதான். எனக்கே அது புரிய ஒரு பையன் தேவைப்பட்டான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்குப் போய், உங்கள் தலைமை ஆசிரியை சொன்ன அதே யோசனையை நானே சொன்னேன். விழா முடியும் நேரம், பத்து வயதுப் பையன் ஒருவன் மைதானத்தைத் தனியாக ஒரு சுற்று சுற்றி வந்தான். மொத்தப் பள்ளியும் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்தவன் என்னிடம் கேட்டான்: "ஏன் மிஸ் எல்லாரும் தட்டுனாங்க? நான் யாரையும் முந்தலையே." அன்றிலிருந்து அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உங்கள் மகளிடம் சக்கர நாற்காலி ஓட்ட வீராங்கனை டாட்டியானா மெக்ஃபேடன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பாரிஸைப் பார்த்தவள் என்பதால் அனேகமாகத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நீங்களே கதையைச் சொல்லுங்கள், ஏனென்றால் இது கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் கதை.

டாட்டியானா 1989-ல் அன்றைய லெனின்கிராடில் பிறந்தவர். அவருக்கும் ஸ்பைனா பைஃபிடா. பிறந்ததும் மூட வேண்டிய முதுகுப் புண்ணை மூன்று வாரம் கழித்துத்தான் ஆபரேஷன் செய்தார்கள். பெற்ற தாயால் வளர்க்க முடியவில்லை, அனாதை இல்லத்தில் விட்டார். அங்கே சக்கர நாற்காலி கிடையாது. மற்ற பிள்ளைகள் ஓடும்போது இந்தக் குழந்தை கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து அவர்கள் பின்னாலேயே போகும். வருஷக்கணக்கில் அப்படித்தான். "யா சமா" என்பது அந்தப் பிள்ளை அடிக்கடி சொன்ன ரஷ்ய வார்த்தை, நானே செய்துக்குவேன் என்று அர்த்தம். உங்கள் வீட்டிலும் தினம் கேட்கும் வசனமாக இருக்கும்.

டெபோரா மெக்ஃபேடன் என்ற அமெரிக்கப் பெண்மணி அலுவல் விஷயமாக ரஷ்யா போனபோது அந்தக் குழந்தையைப் பார்த்து, 1994-ல் தத்தெடுத்து மேரிலாண்டுக்குக் கூட்டிப்போனார். உடம்பு தேறட்டும் என்று விளையாட்டில் சேர்த்தார். நீச்சல், கூடைப்பந்து என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு டாட்டியானா பிடித்துக்கொண்டது சக்கர நாற்காலி ஓட்டத்தை. 15 வயதில், 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 100 மீட்டரில் வெள்ளி, 200 மீட்டரில் வெண்கலம்.

இனிமேல்தான் உங்கள் கதை வருகிறது. இரண்டு பாராலிம்பிக் பதக்கத்தோடு ஊர் திரும்பிய பெண், தன் உயர்நிலைப் பள்ளியின் தடகள அணியில் சேரப் போனார். மற்றவர்களோடு ஓடக் கூடாது, ஆபத்து என்றது நிர்வாகம். தனியாக ஓடிக்கொள்ளலாம் என்றது. அப்படியே ஓடவும் வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் ஓரமாக நிற்க, காலியான தடத்தில் அவர் மட்டும் சுற்றி வந்தார். ஏதென்ஸ் ஸ்டேடியத்தில் ஓடியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தாயும் மகளும் ஹோவர்ட் கவுண்டி பள்ளி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அதில் என்ன கேட்டார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நஷ்டஈடு கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளை முந்தினால் முதல் பரிசு தரவேண்டும் என்றும் கேட்கவில்லை. அவர்கள் தடத்தில் இருக்கும் அதே நேரத்தில் நானும் தடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2006 ஏப்ரலில் பால்டிமோர் நீதிமன்றம் சரி என்றது. அதைப் பிடித்துக்கொண்டு 2008-ல் மேரிலாண்ட் மாநிலம், பள்ளி விளையாட்டில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் சம வாய்ப்பு தரவேண்டும் என்று தனிச் சட்டமே போட்டது. 2013-ல் அமெரிக்கக் கல்வித்துறை நாடு முழுக்க உள்ள பள்ளிகளுக்கு இதே கடமையை எழுத்தில் நினைவுபடுத்தியது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று மட்டும் சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். ஜெயித்த பிறகும் மைதானத்தில் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்கள் இருந்தார்கள். தீர்ப்பு வந்த அதே 2006-ல் மாநிலப் போட்டியில், பக்கத்தில் ஓடிய இவர் வேகம் காட்டி உதவினார் என்று சொல்லி, முதலாவதாக வந்த அணித் தோழியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். பழி யார் மேல் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் இன்னொன்று. டெபோரா சாதாரண அம்மா இல்லை. அமெரிக்க அரசில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையராக இருந்தவர், தானும் சில காலம் சக்கர நாற்காலியில் இருந்தவர். சட்டம் அவருக்குச் சமையலறை மாதிரி, எந்த டப்பா எங்கே என்று தெரியும். அந்த அம்மாவை அப்படியே பின்பற்றுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அவர் கேட்ட கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியையிடம் மறுபடி போங்கள். முதலில் நன்றி சொல்லுங்கள், அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்புறம் இப்படிக் கேளுங்கள்: "தனி ரேஸ் வேண்டாம் மேடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடும்போது ஓரத் தடத்தில் அவளும் வரட்டும். இடம், பரிசு எதிலும் கணக்கில் எடுக்க வேண்டாம். ஸ்டாப்வாட்சில் அவள் நேரத்தை மட்டும் குறித்துக் கொடுங்கள்." மெடலை நீங்களே விட்டுக்கொடுக்கும்போது எதிரே இருப்பவரிடம் மறுக்கப் பெரிய காரணம் மிஞ்சாது. அடுத்த வருஷம் அவள் போட்டி போடப் போவது தன் பழைய நேரத்தோடு.

பரிசைத் தனியாக வைப்பதில் நியாயமும் இருக்கிறது. காலும் சக்கரமும் வேறு வேறு இயந்திரம். ஓடுகிறவர் முதல் அடியிலேயே வேகம் எடுப்பார். சக்கரம் நின்ற இடத்திலிருந்து கிளம்பத் திணறும், ஓடத் தொடங்கிவிட்டால் நிற்காது. அதனால்தான் 100 மீட்டரில் காலுக்குச் சாதகம், நீண்ட தூரத்தில் சக்கரத்துக்குச் சாதகம். மாரத்தானில் சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹுக் 2021-ல் எடுத்துக்கொண்டது 1 மணி 17 நிமிடம் 47 விநாடி. காலால் ஓடும் எவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ஆனால் அது பந்தய நாற்காலி. அதற்கு மூன்று சக்கரம். பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும், முன்னால் நீண்ட கம்பியின் நுனியில் ஒரு சின்னச் சக்கரம். முட்டி போட்ட மாதிரி உள்ளே குந்திக்கொண்டு, கெட்டியான கையுறையால் சக்கர வளையத்தைக் குத்தித் தள்ளுவார்கள். பிடித்து உருட்டுவதில்லை. உங்கள் வீட்டில் இருப்பது அனேகமாக மடக்கும் இரும்பு நாற்காலியாக இருக்கும். அதில் முன்பக்கம் இரண்டு குட்டிச் சக்கரங்கள். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் மைதானத்தில் அவற்றில் ஒன்று மணலில் புதைந்தால் நாற்காலி நிற்கும், பிள்ளை முன்னால் போய் விழுவாள். பி.டி. சார் பயப்படுவது வீண் பயம் இல்லை.

அதற்கு மருந்து மைதானத்தில் இருக்கிறது. அவரோடு சேர்ந்து மைதானத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். பெரும்பாலான பள்ளிகளில் எங்கேயாவது கெட்டியான ஓரம் ஒன்று இருக்கும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய சிமெண்டுப் பாதை, அசெம்பிளி நிற்கும் தளம், பஸ் வந்து திரும்பும் இடம். எட்டாம் வகுப்பு ரேஸை அந்த ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அவள் தடம் கெட்டித் தரையில் போகும். அவளுக்கும் பக்கத்துப் பிள்ளைக்கும் நடுவே ஒரு தடம் காலியாக விடுங்கள். முதல் வருஷம் வளைவு வேண்டாம், நேர்கோடு மட்டும். முடிவுக் கோட்டைத் தாண்டியும் நாற்காலி ஓடும் என்பதால் அதற்கு அப்பால் நல்ல இடம் தேவை, அங்கே வேடிக்கை பார்க்கும் கூட்டம் நிற்கக் கூடாது. இடுப்பில் பட்டை, காலை நாற்காலியோடு சேர்த்து ஒரு பட்டை, தலையில் சைக்கிள் ஹெல்மெட். யார் பதில் சொல்வது என்று கேட்டாரே, அவருக்குத் தேவையானது ஒரு காகிதம். மகளைப் பார்க்கும் டாக்டரிடம் விளையாடலாம் என்று எழுதி வாங்கிக் கொடுங்கள். தலையில் நீர் சேர்ந்து ஷன்ட் (அந்த நீரை வடிக்கும் குழாய்) வைத்திருந்தால் நியூரோசர்ஜனைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

பி.டி. சாருக்கு மாரியப்பன் தங்கவேலுவைத் தெரியாமல் இருக்காது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. 5 வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா சரோஜா காய்கறி விற்று வளர்த்தார். 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். இதெல்லாம் பேப்பரில் வந்தது. நான் சாருக்கு நினைவுபடுத்த விரும்புவது அதற்கு முந்தைய பகுதி. ஊனமில்லாத பையன்களோடு சேர்ந்து தாண்டித்தான் மாரியப்பன் ஆரம்பித்தார். 14 வயதில் அப்படியொரு போட்டியில் இரண்டாவது இடம் வந்தார். திறமையைக் கண்டு அவரை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பியது அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். நம் சாரும் அந்த வேலையில்தான் இருக்கிறார்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. பள்ளிக்குப் போகும் நாளில் உங்கள் மகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள்? நான் பார்க்கும் பெண் பிள்ளைகளில் நிறையப் பேர் காலையிலிருந்து ஒரு மிடறு கூடக் குடிக்காமல் இருக்கிறார்கள். கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது, நுழைந்தாலும் டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்க இடம் இருக்காது, ஆயாம்மாவைக் கூப்பிடக் கூச்சம். அதற்குக் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று முடிவு பண்ணிவிடுவார்கள். அப்படிக் காய்ந்த உடம்போடு வெயிலில் நாற்காலி தள்ளினால் மயக்கம் வரும், சிறுநீர்த் தொற்று வரும், கிட்னி வரை போகும். டியூப் போடும் பிள்ளை என்றால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டே ஆகவேண்டும், விளையாட்டு விழா அன்றும்தான். ஆகவே பள்ளியில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்க முடியும் என்றால், ரேஸைக் கூட விட்டுவிட்டு, அகலமான கதவும் கைப்பிடியும் உள்ள ஒரு கழிப்பறையைக் கேளுங்கள். ரேஸ் வருஷத்தில் ஒரு நாள். இது தினமும்.

ரேஸ் ஆசை தொடர்ந்தால் பந்தய நாற்காலிக்குப் பணம் வேண்டும். வெளிநாட்டு நாற்காலி என்றால் லட்சத்தில் பேசுவார்கள். அதை நினைத்து இப்போதே கடன் வாங்க வேண்டாம். செலவில்லாமல் தொடங்க எறிதல் இருக்கிறது. உட்கார்ந்தபடி குண்டு, வட்டு, ஈட்டி எறியும் பிரிவுகள் பாராலிம்பிக்கில் உண்டு. தேவையானது எறி நாற்காலி, அதாவது நான்கு காலும் பிடிக்க ஒரு கம்பியும் உள்ள இரும்பு ஸ்டூல். உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் அடித்துவிடலாம். மெத்தையோடு சேர்த்து உயரம் 75 செ.மீ. தாண்டக் கூடாது, எறியும்போது அசையாமல் தரையோடு கட்டியிருக்க வேண்டும். தோள் வலு எறிதலிலேயே வந்துவிடும், பிறகு பந்தய நாற்காலி கிடைக்கும் நாளில் அது வீண் போகாது. முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும், அது இல்லாமல் எந்த மேஜையும் நகராது.

சரி, நயமாகக் கேட்டும் பள்ளி மறுத்தால்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 16. அரசு நிதி பெறும் பள்ளியோ அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியோ, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குச் சமமாகக் கல்வியும் விளையாட்டு வாய்ப்பும் தரும்படி அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. விளையாட்டு என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது, நாம் இழுத்துப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. கோரிக்கையை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாதி இடங்களில் அந்த முத்திரை கேட்கும்போதே காரியம் நடந்துவிடும். நடக்காவிட்டால் கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கிறார், அவருக்கும் மேலே மாநில ஆணையர். நீதிமன்றம் அதற்கெல்லாம் அப்புறம். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் தலைமை ஆசிரியை ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டார்.

உங்கள் கணவரை வில்லனாக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த அப்பாக்கள் இப்படித்தான் பேசுவார்கள், கிடைத்ததும் போய்விடுமோ என்ற பயம். மைதானத்தில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் வேலையை அவருக்குக் கொடுங்கள்.

டாட்டியானா பின்னால் என்ன ஆனார் என்று மகள் கேட்பாள். 2012 லண்டனில் மூன்று தங்கம், 2016 ரியோவில் நான்கு. 2013-ல் பாஸ்டன், லண்டன், சிகாகோ, நியூயார்க் நான்கு மாரத்தானிலும் ஒரே வருஷத்தில் முதலிடம். 2014-ல் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டு, பிறந்த நாடான ரஷ்யாவில் நடந்த குளிர்கால பாராலிம்பிக்கில் வெள்ளி. பெற்ற தாயும் வளர்த்த தாயும் அங்கே வந்து பார்த்தார்கள். டோக்கியோ வரைக்கும் கணக்கெடுத்தால் மொத்தம் 20 பதக்கம். அல்பேனியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட தங்கை ஹன்னாவும் ஓட்டக்காரிதான், லண்டன் 100 மீட்டர் இறுதியில் அக்காவும் தங்கையும் ஒரே கோட்டில் நின்றார்கள். ஒரே நேரத்தில் தடத்தில் இருப்பது என்றால் இதுதான் என்று மகளிடம் சொல்லுங்கள்.

பயிற்சி தொடங்கும் நாளிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை. தினம் ராத்திரி கைக்கண்ணாடி வைத்து அவள் புட்டம், வால் எலும்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். உணர்வில்லாத தோலில் புண் வந்தால் வலிக்காது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் அந்த இடம் ஆறும் வரை அதன் மேல் உட்காரக் கூடாது, ரேஸ் நாளாக இருந்தாலும் சரி. விழுந்தபின் கால் வீங்கிச் சூடாக இருந்தால், வலியில்லை என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள். அவள் கால் எலும்புகள் பலம் குறைந்தவை.

கடைசியாக அந்தப் பலூன். ஸ்பைனா பைஃபிடா பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ரப்பர் பால், அதாவது லேடெக்ஸ், ஒத்துக்கொள்ளாமல் போகும். சின்ன வயதிலிருந்தே ஆபரேஷன், கையுறை, டியூப் என்று அதன் நடுவில் வளர்வதால் வரும் அலர்ஜி. சிலருக்குத் தடிப்பு, சிலருக்கு மூச்சுத்திணறல் வரைக்கும் போகும். உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பயிற்சிக்கு இழுக்கும் ரப்பர் பட்டை வாங்கினாலும் லேடெக்ஸ் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து இத்தனை வருஷமாக அவளை ரேஸிலிருந்து விலக்கி வைத்தவர்கள், அவள் மடியில் கொண்டுவந்து கொடுத்தது பலூன் கொத்து. பி.டி. சாரிடம் பேசும்போது சண்டையாக இல்லாமல் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.